கறுப்புப் பட்டை போட்டது பறக்கவில்லை

கத்திரி வெயில் பிறந்த அன்று காலை பத்தரை மணிக்கு, தேரிவிளைப் பெரிய பள்ளிக்கூடத்து மைதானத்தில் செல்லக்கனி கட்டி நிறுத்தியிருந்த முப்பத்தாறடி நிலா ராக்கெட்டில் பனி பிடித்தது. பனி என்றால் மார்கழியில் புல்லில் நிற்குமே அந்த ஈரம் இல்லை. ஐஸ் வண்டிக்காரனின் பெட்டிக்குள் ஓரத்தில் படிந்திருக்குமே, நகத்தால் சுரண்டினால் வெள்ளையாய் உதிருமே, அந்த ரகம். முதலில் பார்த்தவள் பூக்காரி லூர்து. பார்த்துவிட்டு அவள் கத்தவில்லை, மயங்கி விழவில்லை, சிலுவை போடவில்லை. தலையிலிருந்த பூக்கூடையை இறக்கி, ராக்கெட்டின் காலடியில் நிழல் விழுகிற பக்கமாக வைத்து, "இனி சாயங்காலம் வரைக்கும் வாடாது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாள். ஊர் அதற்குப் பிறகுதான் வந்து பார்த்தது.

என் பெயர் தங்கப்பழம். போர்டு எழுதுகிறவன். தேரிவிளையில் எந்தக் கடையை நிமிர்ந்து பார்த்தாலும் அங்கே என் கை இருக்கும். வளைவு எழுத்தில் என்னை அடிக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது, இதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன். ராக்கெட்டின் உடம்பில் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்குகிற சிவப்பு எழுத்தெல்லாம் நான் எழுதியவை. இந்தக் கதையில் நான் ஒரு கேவலமும் செய்தேன். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

செல்லக்கனி செட் போடுகிறவள். கட்சி மாநாடு என்றால் கோட்டை, கல்யாணம் என்றால் அரண்மனை, கோயில் கொடை என்றால் கைலாசம். மூங்கில், சாக்கு, பிளைவுட், தெர்மாகோல், ஒரு வாளி பசை, இவ்வளவு இருந்தால் போதும், இரண்டே நாளில் முன்பக்கம் இருந்து பார்க்கிறவன் வாய் பிளக்கிற மாதிரி எதையும் நிறுத்திவிடுவாள். மூன்றாம் நாள் பிரித்துவிடுவாள். செட் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: கட்டின கைதான் பிரிக்க வேண்டும். ஒருத்தர் கட்டினதில் இன்னொருத்தர் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க மாட்டார்கள், எவ்வளவு பகை இருந்தாலும் சரி. இத்தனை வருஷத்தில் அவள் கட்டிய கோட்டைகளையும் அரண்மனைகளையும் வரிசையாக நிறுத்தினால் இங்கிருந்து திருச்செந்தூர் வரைக்கும் போகும், ஒன்றுகூட இப்போது இல்லை.

பள்ளிக்கூடத்துத் தாளாளர் வைரமணி, பொன்விழாவுக்கு நிலா ராக்கெட் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பழைய மாணவர்கள் லீவில்தான் ஊருக்கு வருவார்கள் என்று விழாவை மே மாதத்தில் வைத்திருந்தார். அவர் மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், அதற்குள் முழ உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ராக்கெட் நிற்கும். மருமகன் வெளிநாட்டிலிருந்து துண்டு துண்டாக ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பியதை, மனிதர் இரண்டு மாதம் உட்கார்ந்து, கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு, பல்குத்தும் குச்சியால் பசை தொட்டு, தன் கையாலேயே ஒட்டி, தன் கையாலேயே பெயிண்ட் அடித்து முடித்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. நானே அசந்துபோய்ப் பார்த்திருக்கிறேன்.

"இதைப் பாத்து அப்படியே பெருசாக் கட்டிரும்மா" என்றார்.

செல்லக்கனி அதைப் பார்த்தாள். அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. அவள் பிரவுசிங் சென்டருக்குப் போய், நிலாவுக்குப் போன ஒவ்வொரு ராக்கெட்டின் போட்டோவையும் முன்பக்கம், பின்பக்கம், கீழே இருந்து, மேலே இருந்து, தூரத்தில் இருந்து, அருகில் இருந்து என்று ஒரு கட்டு அச்செடுத்து வந்து, தன் பந்தல் சாமான் கிடங்கின் சுவர் முழுக்க ஒட்டி, பத்து நாள் எந்த வேலையும் பிடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு துடுப்பிலும் எந்த எழுத்து எந்தப் பக்கம் என்று பார்த்தாள். உடம்பில் இருக்கிற கறுப்புக் கட்டங்கள் அழகுக்குப் போட்டவை இல்லை, மேலே போகும்போது ராக்கெட் தன்னைத்தானே சுற்றுகிறதா என்று கீழே இருக்கிற கேமராக்காரன் கண்டுபிடிக்கப் போட்டவை என்று படித்தாள். கீழே மண்ணெண்ணெய் டாங்கி, அதற்கு மேலே ஒரு இடைவெளி, அதற்கு மேலே குளிரக் குளிர நிரப்புகிற ஆக்சிஜன் டாங்கி, அந்த மேல் டாங்கி மட்டும் புறப்படுகிற அன்று பனி போர்த்தி நிற்கும், அடியில் நெருப்பு பிடித்ததும் அந்தப் பனி தகடு தகடாகக் கழன்று கொட்டும் என்று எனக்குப் போட்டோவைத் தட்டித் தட்டிக் காட்டினாள். எனக்கு என்ன வந்தது? நான் டீயைக் குடித்துக்கொண்டு உம் கொட்டினேன்.

பிறகு கட்டத் தொடங்கினாள். அடியில் ஐந்து என்ஜின் வாய்க்கு, கொடை வீட்டில் பாட்டுப் போடக் கட்டுகிற ரேடியோக் குழாய் ஐந்தை ரேடியோ செட்டுக்காரனிடம் கேட்டு வாங்கினாள். உச்சியில் இருக்கிற சின்னக் கோபுரத்துக்கு உடைந்த குடைக்கம்பி. இரண்டு டாங்கிக்கும் இடையில் உடம்பைச் சுற்றி வரி வரியாக ஓடுகிற பகுதி இருக்கிறதல்லவா, அதற்குத் தென்னை ஈர்க்கு. மூன்று மூன்றாகச் சேர்த்து ஒட்டி, போட்டோவில் எண்ணின கணக்குக்கு ஒரு வரி குறையாமல் வைத்தாள். அந்த வாரம் கடைத்தெருவில் வீடு பெருக்க ஒரு வாரியல் மிச்சமில்லை.

"வாரியலை ஒட்டித்தான் நிலாவுக்குப் போகப்போறியா?" என்று கேட்டேன்.

"நாப்பத்தாறு வயசாச்சு அண்ணாச்சி" என்றாள், ஈர்க்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "கட்டினது அத்தனையும் பொய். கோட்டைக்குப் பின்னால போய்ப் பாத்தா சாக்கும் கயிறும். நான் செத்தா என் பேரைச் சொல்ல நெசமா ஒண்ணுகூட கெடையாது. இது ஒண்ணாவது எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் நெசமா நிக்கணும்."

அங்கேதான் வம்பு முளைத்தது. தாளாளரின் கண்ணாடிப் பெட்டி ராக்கெட்டில், இந்த வரி ஓடுகிற பகுதி முழுக்க, இடுப்பில் வார் கட்டின மாதிரி கறுப்புப் பட்டை. செல்லக்கனியின் சுவரில் இருந்த போட்டோக்களில், பறந்த எந்த ராக்கெட்டிலும் அது இல்லை. எல்லாம் வெள்ளை. அவள் விடாமல் துருவிக் கண்டுபிடித்துவிட்டாள்: ஏவுகிற இடத்தில் எல்லாம் பொருந்துகிறதா என்று நிறுத்திப் பார்ப்பதற்காக முதலில் ஒரு உருப்படி கட்டினார்களாம், அதற்குக் கறுப்புப் பட்டை, வெயிலில் அந்த இடம் சுட்டுப் பழுத்ததாம், ஆகாது என்று அடுத்ததிலிருந்து வெள்ளை அடித்துவிட்டார்களாம். ஆனால் பொம்மை செய்கிறவர்கள் முதலில் கையில் கிடைத்த படத்தைப் பார்த்துப் போட, அதைப் பார்த்து இன்னொருவர் போட, உலகம் முழுக்க வீட்டு அலமாரிகளில் நிற்பது ஒருநாளும் பறக்காத அந்த உருப்படிதான்.

தாளாளரிடம் போய்ச் சொன்னாள். நானும் கூட இருந்தேன்.

"வெளிநாட்டுக்காரன் பெட்டியிலயே படம் போட்டிருக்கான். அவன் தப்பாப் போடுவானா?" என்றார்.

"கறுப்புப் பட்டை போட்டது பறக்கவே இல்ல சார்."

"ரெண்டு மாசம் உக்காந்து ஒட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"நீங்க பெட்டியைப் பாத்து ஒட்டினிய. நான் பறந்ததைப் பாத்துக் கட்டுதேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, தன் கையால் செய்ததைத் தப்பு என்று சொன்னால் யாருக்குத்தான் சுள்ளென்று ஏறாது? ஆனாலும் பெரிய மனிதர், சமாளித்துக்கொண்டு, "இப்ப வெள்ளையே இருக்கட்டும், கடைசியில பட்டை அடிச்சுக்கலாம்" என்று முடித்துவிட்டார். அடுத்த நாள் கத்திரி பிறந்தது, பனி பிடித்தது.

சரியாக அந்த மேல் டாங்கி இருக்கிற இடத்தில் மட்டும், எட்டடிக்கு மேலே தொடங்கிப் பதினாலடி வரைக்கும். கீழ் டாங்கி காய்ந்து கிடந்தது. நான் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டேன், "இங்க மட்டும் ஏன் பிடிக்கல?"

"அதுல மண்ணெண்ணெய்லா அண்ணாச்சி இருக்கு. மண்ணெண்ணெய் எப்படிக் குளிரும்?" என்றாள் செல்லக்கனி, நான் ஏதோ விவரமில்லாமல் கேட்டுவிட்ட மாதிரி. உள்ளே தெர்மாகோலும் பழைய பேப்பரும்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். 

இப்போது ஊரைச் சொல்கிறேன் கேளுங்கள். தேரிவிளை செம்மணல் காடு. கத்திரியில் மணலில் கால் வைத்தால் தோல் உரியும். கரண்ட் மத்தியானம் போனால் எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் மைதானத்துக்கு நடுவே சுற்றிலும் அறுபதடிக்குக் குளிர்ந்த காற்று வீசினால் என்ன நடக்கும்? முதல் நாள் லூர்துவின் பூக்கூடை. இரண்டாம் நாள் பதினேழு பூக்கூடை. மூன்றாம் நாள் மணப்பாட்டிலிருந்து வந்த மீன்காரர்கள் சாளையையும் விளமீனையும் வடக்குப் பக்கம் இறக்கிவைக்க, பூக்காரிகள் நாற்றம் என்று சண்டைக்குப் போக, வடக்கு மீனுக்கு, தெற்கு பூவுக்கு என்று பஞ்சாயத்து பேசி முடித்தார்கள். பதனீர்ப் பானைகள் வந்தன. சலூன்காரர் நாற்காலியையும் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு வந்து துடுப்பு நிழலில் கடையைப் போட்டுவிட்டார். நிறைமாதப் பெண்கள் பகல் முழுக்க அங்கே பாய் விரித்துப் படுத்தார்கள், அவர்கள் படுத்தால் யாரும் அந்தப் பக்கம் பீடி பற்றவைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் தானாக வந்தது. வேர்க்குரு பிடித்த பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றி நிறுத்தினார்கள், மறுநாள் முதுகு வழுவழுவென்று ஆகிவிட்டது. ஏழு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இருவர் ஒரே நிழலில் உட்கார நேர்ந்து, முதலில் வெயிலைத் திட்டி, பிறகு கரண்ட்காரனைத் திட்டி, அப்படியே பேச்சு ஒட்டிக்கொண்டது. நாலாம் நாள் யாரோ ஒருவர் ஒரு எலுமிச்சம்பழமும் இன்னொருவர் ஒரு மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், செல்லக்கனி இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்து, "இது சாமி இல்ல, ராக்கெட்டு. மரியாதையா உக்காந்து காத்து வாங்கிட்டுப் போங்க" என்றாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வெயில் மட்டும் ஏன் அடிக்கிறது என்று யார் கேட்டார்கள்?

காற்று வாங்க வந்தவர்கள் சும்மாவும் இருக்க முடியாமல் செல்லக்கனி கையில் இருந்த போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, பத்து நாளில் ஊருக்கே ராக்கெட் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. மீன்காரிகள்கூட, "ஏட்டி, கூடையைத் துடுப்பு 'பி' பக்கம் தள்ளு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ஐயாயிரம் கார்டு, வீட்டுக்கு ஒன்று. முன்பக்கத்தில் தாளாளரின் கண்ணாடிப் பெட்டி ராக்கெட், இடுப்பில் கறுப்புப் பட்டையோடு. விழாவுக்கு இன்னும் இரண்டு நாள். தாளாளர் மைதானத்துக்கு வந்தார், கார்டை ஒரு கையில் நீட்டிப் பிடித்து ராக்கெட்டையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பட்டையை அடிச்சிரும்மா" என்றார்.

"அடிக்க மாட்டேன் சார்."

"கார்டுல ஒண்ணு, இங்க ஒண்ணு இருந்தா விழாவுக்கு வர்ற பெரிய விருந்தாளி என்னை என்ன நினைப்பாரு?"

"அடிச்சா வெயிலுக்கு அந்த எடம் கொதிக்கும். மேல இருக்க குளிர்ச்சி போயிரும். இத்தனை சனம் ஒக்காந்திருக்கு. அதைவிட, அது பொய் சார். இதுல நான் பொய் வைக்க மாட்டேன்."

அவர் அவளை விட்டுவிட்டு நகர்ந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். என் மகள் மாரித்தங்கம் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாகத் தற்காலிக டீச்சர். "ஜூன்ல அவளை நிரந்தரம் பண்ணணும்னு நினைச்சிருக்கேன், தங்கப்பழம்" என்றார், அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. செல்லக்கனி மூங்கில் வாங்க உடன்குடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பட்டப்பகலில், ஊர் பார்க்க, பெஞ்சைப் போட்டு ஏறி நான் கறுப்பு அடித்தேன். ஈர்க்குகளுக்கு நடுவே பிரஷ் இறங்க வேண்டும் என்று பக்குவமாக அடித்தேன். கை ஒரு இடத்திலும் பிசகவில்லை. த்தூ.

பன்னிரண்டு மணிக்குக் கறுப்பில் கை வைத்தால் சுட்டது. ஒரு மணிக்கு அதற்கு மேலே இருந்த பனி சொட்ட ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு என் சிவப்பு எழுத்துகள் மேல் தண்ணீர் கோடு கோடாக வழிந்து, அடியில் செம்மண் சேறாகி, மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பூ பழுத்தது. மீன் நாறியது. நிறைமாதப் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, கரண்ட் இல்லாத வீடுகளுக்கு வெயிலில் நடந்தார்கள். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால்தான் தேவலையே.

செல்லக்கனி மூங்கிலோடு வந்து இறங்கினாள். நிமிர்ந்து பார்த்தாள். பட்டையின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவினாள்.

"கை நடுங்காமத்தான் அடிச்சிருக்கிய, அண்ணாச்சி" என்றாள். "விளிம்பு நல்லா வந்திருக்கு."

சாமான்களைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மூங்கில் வண்டியிலேயே கிடந்தது.

டீக்கடைக்குப் போனேன். டீக்கடைக்காரன் எனக்கு முன்னால் வந்தவனுக்கு ஆற்றினான், பின்னால் வந்தவனுக்கும் ஆற்றினான், நான் நின்றேன். வீட்டுக்குப் போனால் மாரித்தங்கம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "எனக்காகப் பண்ணினேன்னு மட்டும் சொல்லிராதிய அப்பா" என்றாள். "இந்த வேலை எனக்கு வேண்டாம். மதினி எட்டு மாசம், இம்புட்டு நாளும் அங்கதான் கண்ணசந்தா. இப்ப மேல் எல்லாம் நெருப்பா கெடக்கா, வந்து பாருங்க." உள்ளே என் மருமகள் சுவரில் சாய்ந்து, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு கிடந்தாள். கையிலிருந்த அட்டை அந்த அழைப்பிதழ்தான்.

எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் பெற்ற பிள்ளை முன்னால் அழுதேன், வெட்கம் என்ன இருக்கிறது.

விழா அன்று காலை வெள்ளை பெயிண்டை எடுத்துக்கொண்டு முதலில் செல்லக்கனி வீட்டு வாசலில் போய் நின்றேன். "மன்னிச்சிருன்னு கேக்க வரல" என்றேன், "நீ வந்து பக்கத்துல நில்லு, நான் அடிக்கேன், எல்லாரும் பாக்கட்டும்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பந்தலில் பழைய மாணவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கொட்டுக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் பெஞ்சில் ஏறி, கறுப்பின் மேல் வெள்ளையை, ஒரு கை, காயவிட்டு இரண்டாம் கை, மூன்றாம் கை என்று அடிக்க அடிக்க, பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். மூன்றாம் கை காய்ந்ததும் மேலே வெள்ளையாய் ஒரு புகை மாதிரி படிந்தது, நகக்கண் அளவு, பிறகு உள்ளங்கை அளவு, பிறகு டாங்கி முழுக்க.

தாளாளர் ஓடிவந்தார். வேட்டி மடிப்பு கலையாமல் மனிதர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். "உன் மகளை நினைச்சுப் பாத்தியா வே?" என்று என்னிடம் கத்தினார். என் மகளே கூட்டத்திலிருந்து, "என்னை நினைச்சுத்தான் சார் அடிக்காவ" என்று பதில் கொடுத்தாள். அவர் கார்டைத் தூக்கிக் காட்டினார், குரல் இறங்கிவிட்டது. "ஐயாயிரம் கார்டு. எல்லார் கையிலயும் இருக்கு. இப்ப விருந்தாளி வந்து எது சரின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அப்போது லூர்து இடுப்பிலிருந்து தன் கார்டை உருவினாள். வெற்றிலைப் பையைத் திறந்து, சுண்ணாம்பு டப்பாவில் ஆட்காட்டி விரலை விட்டு, படத்தில் இருந்த கறுப்புப் பட்டை மேல் ஒரே இழுப்பு இழுத்தாள். அதைத் தாளாளர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கா, பாருங்க."

அவ்வளவுதான். வெற்றிலை போடுகிறவர்கள் எல்லாம் டப்பாவைத் திறந்தார்கள். டீச்சர்கள் எழுத்தை அழிக்கிற வெள்ளை மையை எடுத்தார்கள். சலூன்காரர் முகப்பவுடரைக் குழைத்தார், மீன்காரர்கள் பக்கத்து வீட்டில் கோலமாவு கேட்டார்கள், வீட்டில் கார்டை மறந்துவிட்டு வந்தவர்கள் ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். பெரிய உத்தியோகம் பார்க்கிற பழைய மாணவர்கள் கோட்டும் சூட்டுமாக நின்று பக்கத்தில் இருந்த கிழவியிடம், "கொஞ்சம் சுண்ணாம்பு தாங்க" என்று விரலை நீட்டினார்கள். படத்துக்கு ராக்கெட்டை மாற்றச் சொன்னவர் முன்னால் ராக்கெட்டுக்குப் படத்தை மாற்றிக் காட்டினோம். தாளாளர் கையில் இருந்தது ஒன்றுதான் கடைசி வரைக்கும் கறுப்பாக இருந்தது.

சிறப்பு விருந்தினர் வந்தார். ஈரச் சுண்ணாம்பு கார்டு ஒன்றை அவர் கையிலும் கொடுத்தோம், அவர் அதைப் பார்க்காமலேயே பின்னால் நின்றவரிடம் கொடுத்து, வெள்ளையான விரலைக் கைக்குட்டையில் துடைத்து, முக்கால் மணி நேரம் பேசி, போகும்போது, "திறந்தவெளியிலயே ஏ.சி. போட்டிருக்கீங்களே, பலே" என்று தாளாளர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். ராக்கெட்டை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தாளாளருக்கு அதுதான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். விழா முடிந்தது, செட்டை மூன்றாம் நாள் பிரித்துவிட வேண்டும் என்று செல்லக்கனிக்கு ஆள் அனுப்பினார்.

"பிரிக்க மாட்டேன்" என்றாள்.

முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. "செட்டுன்னா பிரிக்கலாம். இது செட்டு இல்ல. பின்பக்கம் போய்ப் பாருங்க, சாக்கு இருக்கா, கயிறு இருக்கா? நெசமா நிக்கிறதைப் பிரிக்க எனக்குத் தெரியாது."

வேறு செட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். திருச்செந்தூர்க்காரன் வரவில்லை, சாத்தான்குளத்துக்காரன் போனையே எடுக்கவில்லை. அவள் கட்டினதில் யார் கை வைப்பான்? கடைசியில் எங்கிருந்தோ ஒரு கிரேனை வரவழைத்தார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அது மைதானத்துக்குள் நுழைந்தபோது, பூக்காரிகள் தெற்கே, மீன்காரர்கள் வடக்கே, நிறைமாதப் பெண்கள் நடுவே, நாங்கள் எல்லோரும் ராக்கெட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்கப்போவதில்லை என்று சொல்லவில்லை; உட்கார்ந்தோம், அவ்வளவுதான். கிரேன்காரன் எங்கள் தலைக்கு மேலேயே சங்கிலியை நீட்டி, சரியாக நான் வெள்ளை அடித்த இடுப்பில் சுற்றி வளைத்தான். தாளாளர் கையைத் தூக்கினார்.

சங்கிலி இறுகியது. ஒரு ஈர்க்கு முறிகிற சத்தம் கேட்டது. செல்லக்கனி, தன் விரலையே முறித்த மாதிரி, "ஐயோ" என்றாள்.

அப்போது பனி கொட்டியது. மேலிருந்து கீழாக, தகடு தகடாக, கண்ணாடி நொறுங்குகிற மாதிரி எங்கள் தலையிலும் மடியிலும் கூடையிலும் கொட்டியது. எங்களுக்குக் குளிரவில்லை, எங்களுக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. பத்து நாள் போட்டோ பார்த்தவர்கள் அல்லவா நாங்கள்? கொட்டுகிற பனி எதற்குக் கொட்டுகிறது என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வயரே மாட்டாத ஐந்து ரேடியோக் குழாயும் அடியில் உம்மென்று உறும ஆரம்பித்தன.

எல்லோரும் செல்லக்கனியைப் பார்த்தோம். ஒரு வார்த்தை போதும், இருக்கச் சொன்னால் இருந்திருப்போம். அவள் ராக்கெட்டின் துடுப்பில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"சங்கிலியைக் கழட்டுங்க" என்று கிரேன்காரனிடம் சொன்னாள். அவன் தாளாளரைப் பார்க்கவில்லை, கழற்றினான். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. பிள்ளைத்தாச்சிகளை முதல்ல கூட்டிட்டுப் போங்க."

தள்ளி நின்றோம். பூக்கூடைகளைத் தூக்கிக்கொண்டோம், மீன் கூடைகளைத் தூக்கிக்கொண்டோம், சலூன்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். அது அவசரப்படவில்லை. கோயில் தேர் முதல் இழுப்பில் நகருமே, அப்படி ஒரு யோசனையோடு கிளம்பி, புழுதியைக் கிளப்பி, பள்ளிக்கூடத்து மாடிக்கு மேலே, பனை உச்சிக்கு மேலே போனது. சுற்றவில்லை, கறுப்புக் கட்டங்கள் கட்டம் கட்டமாக அப்படியே நேராக ஏறியதைக் கீழே இருந்து எல்லோரும் பார்த்தோம். என் சிவப்பு எழுத்து கண்ணுக்கு மறைகிற வரைக்கும் படிக்க முடிந்தது, நல்லா எழுதியிருக்கிறேன். முறிந்த ஈர்க்கு ஒன்று மட்டும் காற்றில் சுழன்று வந்து செல்லக்கனி காலடியில் விழுந்தது. அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒளிக்கவில்லை. "ஒண்ணு கட்டிட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

பிறகு விசாரிக்க ஆட்கள் வந்தார்கள், எழுதிக்கொள்ள நோட்டோடு. ராக்கெட் எங்கே என்று கேட்டார்கள். போயிருச்சு என்றோம். யார் பிரித்தது என்று கேட்டார்கள். யாரும் பிரிக்கல, போயிருச்சு என்றோம். எங்கே போனது என்று கேட்டதற்கு லூர்து வானத்தைப் பார்த்து, "வேற எங்க போவும்?" என்றாள். ரேடியோ செட்டுக்காரன், என் குழாய் ஐந்தும் போச்சே என்று முதலில் புலம்பினான். இப்போது கொடை வீடுகளில் போய், என் குழாய் எங்கே இருக்கு தெரியுமா என்று பெருமை அடித்துக்கொள்கிறான். தாளாளர் கண்ணாடிப் பெட்டியில் இன்னும் கறுப்புப் பட்டைதான். மாற்றவில்லை. இருக்கட்டும், அது அவர் கட்டினது, அதில் நாங்கள் கை வைக்க மாட்டோம்.

ஜூன் மாதம் என் மகளுக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. அவள் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டாள். மருமகளுக்குப் பெண் குழந்தை, ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், கரண்ட் இல்லாத வீட்டில் பிறந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

அன்று ராக்கெட் போன பிறகு மைதானத்தில் நாலு துடுப்பின் தடமும், காய்ந்துகொண்டிருந்த ஈரமும், நாங்களும்தான் மிச்சம். கத்திரி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காற்று அடைத்துக்கொண்டது, மணல் கொதித்தது, பூ வாடியது, எல்லோருக்கும் உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் வேர்த்து ஊற்றியது.

வேர்க்கட்டும் என்றோம்.